சேப்பாக்கத் தல புராணம்

கோயில் என்று ஒன்று இருந்தால் அதற்குத் தல புராணம் இருக்க வேண்டும். சேப்பாக்கம் மைதானத்தைக் கோயில் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். புராணத்தை மட்டும் ஏன் பாக்கி வைப்பானேன்?

தீர்த்தம், பக்கத்திலேயே ஓடுகிற பக்கிங்காம் கால்வாய். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தீர்த்தத்தின் மகிமை கேலரி வரைக்கும் வந்து அருள்பாலிக்கும். மூலவர் காலத்துக்குக் காலம் மாறுவார். மாறாதவர்கள் தர்மகர்த்தாக்கள். வாசலுக்கு உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம் என்ற ஆகம விதியும் அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆதியில் இது ஆற்காட்டு நவாபின் தோட்டம். முகம்மது அலி வாலாஜா 1760களில் இங்கே மாளிகை கட்டினார். கம்பெனி வெள்ளைக்காரர்களிடம் கடன் வாங்கி, அந்தக் கடனின் வட்டிக்கு மறுபடி கடன் வாங்கி வாழ்ந்த மகராஜன். 1855இல் அவர் வம்சத்தில் நேரடி வாரிசு இல்லை என்று சொல்லிப் பட்டத்தை ஒழித்தார்கள். மாளிகையைக் கடனுக்காக ஏலத்தில் விட்டார்கள். 1859இல் ஏலம் எடுத்தது யார்? மெட்ராஸ் சர்க்கார். விற்றவனும் வாங்கியவனும் ஒரே ஆள். டெண்டர் விடுவதில் நமக்கு இருக்கிற கைராசி அன்றே இந்த மண்ணில் விதைத்ததுதான்.

பிறகு 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இங்கே வந்து இறங்கியது. துரைமார்களின் கிளப். எதிரணியில் ஆட இந்தியர்கள் வரலாம், பந்து போடலாம், அவுட் ஆகலாம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பெவிலியனில் இடமில்லை, மரத்தடிக்குப் போக வேண்டும். தல விருட்சம் எது என்று யாராவது கேட்டால் அந்த மரத்தைக் காட்டலாம். ரோஷம் தாங்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பின்னாளில் வெள்ளையர்களுக்கும் இந்தியர்களுக்கும் நேருக்கு நேர் போட்டி வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, அதைப் பார்க்காமலேயே 1908இல் கண்மூடினார். அந்த மனிதர் உண்டாக்கிக் கொடுத்த ரோஷத்தை நாம் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். இன்றைக்கு உள்ளே ஒரு ஏ.சி. அறையில் விருந்து நடந்தால், வெளியே நிற்கிறவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து அதைப் படம் எடுக்கிறான்.

நல்ல காலமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இங்கேதான். மெட்ராசும் மைசூரும் மோதி ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கே கண்டது. வினூ மன்கட் 12 விக்கெட். அந்த டெஸ்ட் தொடங்கிய அன்றே இங்கிலாந்து மன்னர் இறந்துபோக, குடியரசாகி இரண்டு வயதான நாடு மறுநாள் ஆட்டத்தை நிறுத்தித் துக்கம் அனுஷ்டித்தது. என்ன மரியாதை, என்ன மரியாதை!

மைதானத்துக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தது. பந்து போட்டவன் பெயரையா வைப்பார்கள்? கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்த எம். ஏ. சிதம்பரத்தின் பெயரை வைத்தார்கள். 2023இல் ஒரு கேலரியை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அதற்குக் கலைஞர் பெயர். விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் காவிரிக்காகப் போராடியவர்களுக்குப் பாடம் எடுத்தார்களே, அவர்களில் ஒருவராவது ரிப்பன் வெட்டும்போது தொண்டையைச் செருமினார்களா? போராடினால் ஐ.பி.எல். ஆட்டம் புனேவுக்குப் போகும். பெயர்ப்பலகை மாட்டினால் ஆட்டம் இங்கேயே நடக்கும்.

பக்தர்களுக்கு ஒரு பட்டம் உண்டு: விஷயம் தெரிந்த ரசிகர்கள். 1986 செப்டம்பர் வெயிலில் டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ரன் அடித்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதே வெயிலில் கேலரியில் வெந்துகொண்டிருந்தவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று எந்த வர்ணனையாளரும் சொன்னதில்லை. 1999இல் 12 ரன்னில் தோற்று, நெஞ்சு வெடிக்கிற நிலையில் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டிய கூட்டம் அது. அந்தக் கைதட்டலை வைத்து இந்த ஊர் பெரிய மனிதர்கள் கால் நூற்றாண்டாக மொய் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கைதட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டு உள்ளே அனுப்பும் சலுகை.

புராணத்தின் உச்சக் காண்டத்துக்கு வருவோம். 2011 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்தார்கள். ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள், சுமார் 12,000 இருக்கைகள். கட்டட விதிப்படி சுற்றிலும் இடம் விடவில்லை என்று மாநகராட்சி பூட்டுப் போட்டது. குறுக்கே நின்றது என்ன தெரியுமா? பக்கத்துக் கிளப்பின் உடற்பயிற்சிக்கூடம். அதே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். வெள்ளைக்காரன் போய் அறுபத்துச் சொச்சம் வருஷம் ஆகியும், கிளப் மெம்பர்கள் தண்டால் எடுக்கும் இடத்துக்கும் 12,000 பேர் உட்காரும் இடத்துக்கும் நடந்த பஞ்சாயத்தில் தண்டால்தான் ஜெயித்தது. வருஷக்கணக்காகக் காலி நாற்காலிகள் ஆட்டம் பார்த்தன. உலகம் முழுக்க டி.வி.யில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தது. 2016இல் ஆண்கள் டி20 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுகூட இங்கே வரவில்லை. 2019 ஐ.பி.எல். இறுதிப் போட்டி ஹைதராபாத்துக்குப் பறந்தது. 2020இல்தான் கூடத்தை இடித்தார்கள். 2021 பிப்ரவரியில் கதவு திறந்தது. அப்போது கொரோனாக் காலம். பாதிக் கூட்டத்துக்குத்தான் அனுமதி. காலி நாற்காலிகளுக்கு அந்த மைதானத்தின் மேல் அப்படி ஒரு பாத்தியதை!

இதே சென்னையில் கூவம் கரையில் குடிசை போட்டவனுக்கு இத்தனை நீண்ட விசாரணை நடந்ததுண்டா? ஒன்பது வருஷம் வேண்டாம், ஒன்பது வாரம்? பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கெஞ்சினாலும் புல்டோசர் வரும், லாரி வரும், பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். விதிமீறல் என்றால் விதிமீறல்தானே! ஆனால் மைதானம் இருப்பது அரசு நிலம். குத்தகை 2015இலேயே முடிந்துபோனது. முடிந்த பிறகும் ஆட்டம் நடந்தது, வசூல் நடந்தது, கோப்புகள் மட்டும் கோட்டையில் தியானத்தில் இருந்தன. வாடகை வீட்டில் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம் கூடுதலாக இருந்து பாருங்கள், வீட்டுக்காரர் முதலில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார்.

தர்மகர்த்தாக்களின் மகிமை தனிக் காண்டம். மாநில கிரிக்கெட் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் என். சீனிவாசன். அப்போது இந்தியா சிமெண்ட்ஸின் தலைமையும் அவரே. 2008இல் அந்தக் கம்பெனி சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது. வாரிய நிர்வாகி ஆட்டத்தில் வணிக லாபம் பார்க்கக் கூடாது என்று விதி இருந்தது. ஐ.பி.எல்.லுக்கு இது பொருந்தாது என்று அதே வருஷம் விதியையே திருத்தினார்கள். சாமியும் அவர், பூசாரியும் அவர், உண்டியலும் அவர் என்று ஆன பிறகு, 2015இல் உச்ச நீதிமன்றம் வந்து அந்தத் திருத்தத்தை ரத்து செய்ய வேண்டியிருந்தது. சூதாட்ட வழக்கில் அணிக்கு இரண்டு வருஷத் தடை. நகரம் வெட்கப்பட்டதா? அணி திரும்பி வந்தபோது மேளதாளம்தான். 2019இல் சங்கத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியின்றி வந்தவர் அவருடைய மகள். பெண்ணுக்கு இடம் கொடுத்த முற்போக்கு என்று பத்திரிகைகள் பூரித்தன. தகப்பனிடமிருந்து மகளுக்குச் சாவி போனதை முற்போக்கு என்று எழுத ஒரு தனித் தமிழ் வேண்டும்.

இப்போதைய மூலவர் தோனி. அவர் களமிறங்க வேண்டும் என்பதற்காகச் சொந்த அணிக்காரன் அவுட் ஆனால் மைதானமே எழுந்து குதிக்கிறது. ஜடேஜா இந்த அணிக்கு ஆடிய காலத்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் திரும்பினார். விஷயம் தெரிந்த ரசிகர்கள்! மஞ்சள் சட்டை போட்டுவிட்டால் விஷயம் எதற்கு?

டிக்கெட்டோ ஆன்லைனில் மட்டும். 2025இல் ஆகக் குறைந்த விலை 1,700 ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடும் பையனுக்கு மைதானத்தின் இரைச்சல் இலவசமாகக் கேட்கும், அதுவே பெரிய கொடுப்பினை. திரையில் வரிசை எண் காட்டும், சக்கரம் சுற்றும், விற்றுத் தீர்ந்தது என்று வரும். அடுத்த அரை மணியில் பெல்ஸ் ரோடு முனையில் அதே டிக்கெட் நாலு மடங்கு விலைக்கு நடமாடும்.

இந்த அநியாயம் சட்டமன்றத்துக்கே போனது. 2023 ஏப்ரலில், நம் பிரதிநிதிகள் ஐ.பி.எல். டிக்கெட்டைப் பற்றி அவையில் குரல் எழுப்பினார்கள். அ.தி.மு.க.வின் எஸ். பி. வேலுமணி எழுந்து, தங்கள் ஆட்சியில் பாஸ் கொடுத்தோம், இப்போது எம்.எல்.ஏ.க்களுக்குக் கிடைப்பதில்லை என்று முறையிட்டார். அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர், அப்போது இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் அவரே, எழுந்து பதில் சொன்னார்: கிரிக்கெட் வாரியத்தை நடத்துவது உங்கள் நண்பர் அமித் ஷாவின் மகன்தானே, அவரிடம் கேட்டு ஆளுக்கு ஐந்து டிக்கெட் வாங்கிக் கொடுங்கள், காசு கொடுத்துவிடுகிறோம். அவை சிரித்தது. ஆளுங்கட்சி சிரித்தது, எதிர்க்கட்சியும் சிரித்தது.