ஸ்டேஷனரியில் ‘ஏ’யும் ‘இ’யும்: ஒரு பாடபேத ஆய்வு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்து நோட்டுப் புத்தகக் கடைப் பலகைகளில் ‘ஸ்டேஷனரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கடைசிக்கு இரண்டெழுத்து முன்னால் ‘இ’ போடுவது ஒரு மரபு. ‘ஏ’ போடுவது இன்னொரு மரபு. முன்னது காகிதம், பேனா வகையறா, பின்னது நகராமல் நிற்பது என்று அகராதி பிரிக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே என்பதை முதற்கண் பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

‘ஏ’ மரபினரைக் கண்டு சிரிப்பது கான்வென்ட் வழக்கம். ‘என்வலப்புக்கு இ, ஆகவே ஸ்டேஷனரிக்கும் இ’ என்பது அவர்கள் சூத்திரம். என்வலப்பையே ‘கவர்’ என்று கேட்டு வாங்கும் ஊரில் இச்சூத்திரம் செல்லாது.

வரலாறோ ‘ஏ’ பக்கம். இடைக்கால ஐரோப்பாவில் சுமந்து திரிந்து விற்றவர்கள் போக, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரிக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். நகராமல் நின்றார் என்பதே அவருடைய தகுதி. அவர் விற்ற சரக்குக்குப் பிறகு அவர் பெயரே வந்தது. லண்டனில் இவர்கள் 1403-இல் சங்கம் வைத்து, 1557-இல் அரச சாசனமும் பெற்றார்கள். (சங்கம் என்றதும் மதுரையை நினைக்க வேண்டாம், இவர்கள் கணக்கில் கெட்டி.) இந்த அளவுகோலின்படி, பாண்டி பஜார் நடைபாதைக்காரர்கள் 2013-இல் அடுக்குமாடி வளாகத்துக்குள் குடியேற்றப்பட்ட அன்றே ஸ்டேஷனர் ஆனார்கள், வளையல் விற்றவர் உட்பட.

‘ஏ’ இன்றும் தழைப்பதற்குக் காரணம் எளிது. இரண்டும் சரியான சொற்கள். ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் தம்பியின் கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு விழாது.

கள ஆய்வில் ஒரு ஜெராக்ஸ் கடை கிடைத்தது. பலகையில் ‘ஏ’, பில் புக்கில் ‘இ’. எது சரி என்று உரிமையாளரிடம் கேட்டோம்.

“ரெண்டும் நம்ம கடைதான் சார். பிரவுன் ஷீட் எத்தனை?”

இதைவிடச் சுருக்கமான உரை நாம் கண்டதில்லை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கும்போது, பக்கத்துத் தெருக்களில் பாடபேதத்தை அழிப்பது முறையுமல்ல.

மெட்ரோ வேலைக்காக ஒரு ‘ஏ’ கடை லஸ்ஸிலிருந்து இடம் பெயர்ந்தால் எழுத்தை மாற்ற வேண்டுமா என்பது மேலாய்வுக்குரியது. அதுவரை பலகைகள் அப்படியே இருக்கட்டும். பிள்ளைக்கு டிக்டேஷன் என்றால் மட்டும் ‘இ’ போடச் சொல்லுங்கள். மிஸ் இந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்.