கொடுவாளுக்குச் சொல்லிவைத்தல்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கடையில் கத்தி வாங்குவது வணிகவியல். பட்டறையில் கத்திக்குச் சொல்லிவைப்பது தனித்துறை. அத்துறைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை இருக்கை அமைக்காததால், இக்கட்டுரையாளர் தாமாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வின் எல்லை கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேடு, சோளக்காடு வரை. களப்பணிக்குப் பேருந்தின் சன்னலோர இடமும் ஓர் எலுமிச்சம்பழமும் இன்றியமையாத ஆய்வுக் கருவிகள்.

ஆய்வுச் சிக்கலுக்கு வருவோம். சமவெளியிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வருகிறார்.

“நல்ல கத்தியா ஒண்ணு அடிச்சுத் தரணுங்க.”

“எதுக்குங்க?”

“பொதுவாத்தான். எல்லாத்துக்கும்.”

கொல்லர் பதில் சொல்லாமல் உலைப்பக்கம் திரும்பிவிடுகிறார். இந்த மௌனத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. விலையை ஏற்றும் உத்தி என்பார் ஒரு சாரார். சம்மட்டிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்பார் மறுசாரார். இரண்டையும் இக்கட்டுரை மறுக்கிறது. அவரிடம் இன்னும் எதுவுமே கேட்கப்படவில்லை. அதனால்தான் அவர் பேசவில்லை. கத்தி என்றொரு பொதுப்பொருள் உலகில் கிடையாது. பலாவை அறுக்கும் கத்தி உண்டு, மூங்கிலை வெட்டும் கத்தி உண்டு. தருக்க நூலார் குடத்தையும் துணியையும் வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட பொது, சிறப்பு என்னும் சிக்கல் பட்டறை வாசலில் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

சான்றுகள் மலையெங்கும் கிடக்கின்றன. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறும். நிழல் கழிக்க அதன்மேல் ஏறுபவருக்கு ஒரு கை மரத்துக்குப் போய்விடும். மிச்சமுள்ள கையால் வீச, எடை மூக்குப் பக்கம் சாய்ந்த கொடுவாள் வேண்டும். மரவள்ளிக் குச்சியை நடவுக்கு நறுக்குபவருக்கு மெல்லிய அலகு. குச்சி நசுங்கினால் முளைப்பு கெடும். பலா அறுப்பவர் நீள அலகு கேட்பார், பால் ஒட்டாதிருக்க எண்ணெயும் தடவிக்கொள்வார். மூங்கில்காரருக்குக் கனத்த முதுகு வேண்டும். வாய் அளவுக்கு மீறிக் கடினமானால் மூங்கில் கணுவில் பட்டுத் தெறிக்கும், மிருதுவானால் மடங்கும். இரண்டு வகையிலும் வாய் போனவர்கள் பட்டறைக்குத் திரும்பி வந்து, கொல்லரை ஏசுவதற்குச் சொந்த வாயைப் பயன்படுத்துவார்கள்.

இரும்புக்குப் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான். நூற்றில் அரைப்பங்கும் கொஞ்சமும் கரி கலந்த எஃகு அது. உலையில் சிவந்து ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் காந்தம் அதில் ஒட்டாது. இன்னும் சற்று ஏற்றிய பிறகே தோய்ச்சல். முக்கி எடுத்த அலகு கண்ணாடிபோலக் கடினமாகி, கண்ணாடி போலவே உடையவும் தயாராக இருக்கும். ஆகவே அதைத் தேய்த்து மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்த பரப்பில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஓடும். மஞ்சளில் நிறுத்தினால் வாய் கூர்மையை நெடுநாள் தாங்கும். நீலம் வரை விட்டால் அடிக்கு வளைந்து கொடுக்கும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்று உலையைக் கேட்டால் தெரியாது. “எதுக்குங்க?” என்றால்தான் தெரியும். பட்டறையின் இருட்டை வறுமையின் குறியீடு என்று எழுதிவரும் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க: வெயிலில் இரும்பின் சிவப்பைச் சரியாகப் பார்க்க முடியாது.

இதே முடிவுக்கு இந்திய அரசும் தனியாக வந்து சேர்ந்திருக்கிறது. படைக்கல விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேரா. ஆக, பலாவுக்கென்று அடித்த பத்து அங்குல அலகு வேளாண் கருவி. ‘பொதுவாத்தான்’ என்று அடித்த பத்து அங்குல அலகு ஆயுதம். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடி வேட்டை நடத்தியபோது, வாங்குபவரின் பெயர், முகவரியோடு எதற்கு வாங்குகிறார் என்பதையும் எழுதிவைக்குமாறு பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. கொல்லர் வாயால் கேட்டுவந்த கேள்விக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது, அவ்வளவே.

இலக்கியச் சான்று இல்லாமல் தமிழில் ஆய்வேடு ஏற்கப்படாது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகிறார். வில்லாளிக்குப் புகழ் வந்தது. ஐந்து உடல்களில் புகுந்தும் மழுங்காத அந்த முனையை அடித்தவர் யார் என்று பாட்டில் இல்லை. “எதுக்குங்க?” என்று அவர் கேட்டிருந்தால் ஓரி எந்த விலங்கைச் சொல்லியிருப்பான் என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த தலைப்பு, உடும்பு என்றிருக்க வாய்ப்பில்லை.

வெளிநாட்டு ஒப்பீடும் கடமை. 1820 வாக்கில் இந்திய உருக்கை லண்டனில் ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். உடன் உழைத்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தி செய்பவர். 1998இல் டமாஸ்கஸ் அலகின் வரிகளுக்கு வனேடியம் முதலிய நுண்கலப்புகளே காரணம் என்று எழுதிய பேராசிரியர் வெர்ஹோவனுக்கும் பென்ட்ரே என்ற கொல்லர் துணை வேண்டியிருந்தது. 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியின் தேர்வில், தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரச்சட்டத்தை வெட்டி, அதே அலகால் மயிரை மழித்து, பிறகு அலகை 90 பாகைக்கு உடையாமல் வளைத்துக் காட்ட வேண்டும். அத்தேர்வுக்குப் பத்து அங்குல அலகு வரை அனுமதி. மயிர் மழிக்கும் சோதனையை நம்மூர்ப் பட்டறைகளும் செய்கின்றன. முழங்கையின் ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுவென்றிருப்பவர் திறனாய்வாளர் என்று அறிக.

எஞ்சுவது ஒரு விதிவிலக்கு: எதையும் வெட்டாத கத்தி. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. முன்னதைச் செய்தவரிடம் என்ன சொல்லிவைத்திருப்பார்கள்? இதற்கு விடை களப்பணியிலேயே கிடைத்தது. மேலே சொன்ன சமவெளிக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

“ஹால்ல, சுவத்துல மாட்டத்தாங்க.”

கொல்லர் உலையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? அதுக்குத் தோய்ச்சல் வேண்டாமுங்க. பாதி விலை கொடுங்க.”