கங்கைக்குக் கிளம்பி ஏற்காட்டில் இறங்கியவர்கள்

எங்கள் பத்தாம் வகுப்பு செட்டில் பாதிப் பேர் பெரம்பலூர் மாவட்டம், மீதிப் பேர் அரியலூர் மாவட்டம். படிக்கிற காலத்தில் அத்தனை பேரும் திருச்சி மாவட்டம்தான். மார்க் ஷீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. 1995-ல் திருச்சியை விட்டுப் பெரம்பலூர் தனிக்குடித்தனம் போனது. 2001 ஜனவரி 1-ஆம் தேதி பெரம்பலூரை விட்டு அரியலூர் போனது. 2002 மார்ச் 31-ஆம் தேதி அதே அரியலூரைக் கூட்டிவந்து பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ஆம் தேதி திரும்பவும் பிரித்தார்கள். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே குரூப்பை விட்டு வெளியேறி, சேர்ந்து, மறுபடி வெளியேறிய ஊர் எங்களுடையது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பார்த்து எழுதிய இரண்டு பேர் இன்று இரண்டு கலெக்டர்களிடம் மனு கொடுக்கிறார்கள்.

அதனால் வருஷா வருஷம் சந்திப்பு எங்கே என்பதிலேயே சண்டை ஆரம்பிக்கும். அரியலூரில் ரயில் நிலையம் இருக்கிறது. பெரம்பலூருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இருக்கிறது.

"ஸ்டேஷன் இல்லாத ஊர்ல என்னடா ரீயூனியன்?" என்பான் அரியலூர்க்காரன்.

"உங்க ஊருக்கு சிமெண்ட் லாரி பின்னாடியே வந்து பாரு மாப்ள, இறங்குறப்ப தலையெல்லாம் நரைச்சிருக்கும்" என்பான் பெரம்பலூர்க்காரன். நரைத்ததற்கு லாரி காரணமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிரிவது, சேர்வது, ஊர் சுற்றிவிட்டு வந்து அளப்பது எல்லாம் எங்கள் செட் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் ஆயிரம் வருஷமாக இதுதான் நடக்கிறது.

ராஜேந்திர சோழனை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கை வரைக்கும் படையெடுத்துப் போனார், அதனால் கங்கைகொண்டான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிற கதை கொஞ்சம் வேறு. கங்கை வரைக்கும் போனது தளபதி. ராஜா கோதாவரிக் கரையில் தங்கிவிட்டார். தளபதி வடக்கே போய் அங்கங்கே இருந்த ராஜாக்களை அடித்து, கங்கைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் கோதாவரிக் கரையில் ராஜாவிடம் வந்து சேர்ந்தார். பட்டப்பெயர் யாருக்கு? கோதாவரியோடு நின்றவருக்கு.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராஜேந்திரன் மேல் மரியாதை குறையவில்லை. ரொம்ப நாள் பழகிய ஆள் என்றுதான் தோன்றியது. எங்கள் செட்டிலும் ஒரு சக்கரவர்த்தி உண்டு. வேன் வாடகை, ரூம் வாடகை, பிரியாணி அண்டா எல்லாம் அவன் செலவு. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது வளைவிலேயே அவனுக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் சேலத்திலேயே லாட்ஜ் போட்டுப் படுத்துவிடுவான். மேலே போனவர்கள் ஏரியில் படகு விட்டு, நாலு படம் எடுத்து அனுப்புவார்கள். பத்து நிமிஷத்தில் அந்தப் படங்கள் அவனுடைய ஸ்டேட்டஸில் ஏறிவிடும். கீழே 'இயற்கையின் மடியில்' என்று ஒரு வரி. அவன் பெயர் இப்போது எங்களுக்குள் ஏற்காடு கொண்டான்.

நாங்கள் டூர் போனால் டி-ஷர்ட் அடிப்போம். சோழர் ஊரையே அடித்தார். கங்கைகொண்ட சோழபுரம் என்று தலைநகர், அப்பா கட்டியதைவிடக் கொஞ்சம் உயரம் குறைத்து ஒரு கோயில், கொண்டுவந்த தண்ணீருக்காக ஓர் ஏரி. சோழகங்கம் என்ற அந்த ஏரியைத்தான் இன்று பொன்னேரி என்கிறோம். அதைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்று செப்பேடு புகழ்கிறது. கல்லில் தூண் நட்டால் எவனாவது பெயர்த்துக்கொண்டு போவான் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்போல.

ஏனென்றால், கல் போய்விட்டது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். கல் எங்கே கிடைக்கும் என்று சுற்றிலும் பார்த்த வெள்ளைக்காரர்கள், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலையும் கோபுரத்தையும் இடித்து எடுத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் மறித்திருக்கிறார்கள். "கல்லுக்குப் பதில் செங்கல்லில் மதில் கட்டித் தருகிறோம்" என்று வெள்ளைக்காரர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கு கொடுத்ததோடு சரி.

எங்கள் செட்டில் ஒருவன், தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் கைமாற்று வாங்கினான். தங்கச்சி பேரன் எடுத்துவிட்டாள், பணம் வந்த பாடில்லை. நேருக்கு நேர் கேட்டால் 1836-ஐத்தான் எடுத்துவிடுவான். "வெள்ளைக்காரனே திருப்பித் தரலையேடா, நான் எம்மாத்திரம்?" வரலாறு பாடத்தில் அவன் பாஸ் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

குரூப் சண்டைக்கு வருவோம். ரஞ்சன்குடிக் கோட்டையைப் பெரம்பலூர்க்காரர்கள் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். 1751-ல் வாலிகண்டபுரத்துச் சண்டை அந்தப் பக்கம்தான் நடந்தது. ஒருபக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும், இன்னொரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயர்களும். நடுவில் கோட்டைத் தலைவரான கில்லேதார். இரண்டு தரப்பும் "நம்ம பக்கம் வா" என்று அவரிடம் தூது விட்டார்கள். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நாள் மட்டும் ஓடியது. இரண்டு குரூப்பிலும் அட்மினாக இருந்துகொண்டு, இங்கே பேசியதை ஸ்க்ரீன் ஷாட் எடுத்து அங்கே போடுகிற ஆள் எல்லா செட்டிலும் ஒருவன் உண்டு. எங்கள் ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன், இதை அவனும் படிப்பான்.

கடைசியில் சண்டை மூண்டபோது ஆங்கிலேயச் சிப்பாய்கள் பயந்து பின்வாங்கி ஓடினார்கள். நிறுத்தப் பார்த்தும் முடியாத அதிகாரிகளில் ஒருவர் ராபர்ட் க்ளைவ். அதே வருஷம் ஆற்காட்டைப் பிடித்து அவர் ஹீரோ ஆகிவிட்டார். பாடப்புத்தகத்தில் ஆற்காடு மட்டும் இருக்கிறது, வாலிகண்டபுரத்தைக் காணோம். தேறிய பாடத்தின் மார்க்கை மட்டும் அப்பாவிடம் காட்டும் டெக்னிக் இது. எங்களிடம் கேட்டிருந்தால் க்ளைவுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்போம்.

டூரில் தலை எண்ணுவது தனி அத்தியாயம். ஆற்றைக் கடந்தபின் ஆள் குறைகிறது என்று ஒப்பாரி வைத்த பரமார்த்த குருவின் சீடர்களைத் தெரியுமில்லையா? எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒரு தலை குறையும். அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர், நம் ஏலாக்குறிச்சியில் கொள்ளிடக் கரையில் நெடுநாள் இருந்தவர். இத்தாலியிலிருந்து வந்த மனிதருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏலாக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கிடைத்திருப்பார்கள். நாங்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து வேனில் எண்ணினோம். ஒருவன் குறைந்தான். அருவிக்குத் திரும்ப ஓடிப்போய் போலீஸ்காரரிடம் சொல்லி, மைக்கில் பெயர் போட்டுத் தேடினோம். போட்ட பெயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனுடையது. பள்ளிக்கூடத்திலிருந்து பட்டப்பெயரிலேயே கூப்பிட்டுப் பழகியதால், சொந்தப் பெயர் அவனுக்கே சட்டென்று பிடிபடவில்லை.

குற்றாலம் என்று சொன்னாலும், ஒவ்வொரு வருஷமும் திட்டம் போடுவது கோவாவுக்குத்தான். தை மாதம் கோவா. பங்குனியில் 'விசாரிச்சேன், சீசன் இல்லையாம்' என்று கொடைக்கானல். சித்திரையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, மச்சினனுக்குக் கல்யாணம், ஆளாளுக்கு ஒரு காரணம், ஏற்காடு. மழை இல்லாத வருஷத்தில் அதுவும் போய், பச்சைமலை அடிவாரத்து மயிலூற்றுக்குப் பைக்கில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறோம். அங்கேயும் ஊற்று இல்லை, மயில் இருந்தது.

பள்ளியில் எங்களைக் கூட்டிப்போன சுற்றுலா ஒன்றே ஒன்றுதான், சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 12 கோடி வருஷம் பழசு என்று போர்டு சொல்கிறது. எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் 1940-ல் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் இங்கே கடல் இருந்தது, பிறகு பின்வாங்கிவிட்டது என்று சார் சொன்னார். மரத்தைப் பார்க்க வந்த எங்களுக்கு அதன்மேல் ஏறி உட்கார முடியாதது மட்டும்தான் வருத்தம். பின்னால் 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. முதலில் அனுப்பியது எங்கள் செட்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெருமையோடு பரப்பினோம். வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அது முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரி சம்பந்தப்பட்ட கல் என்றார்கள். மறுப்பை ஒருவனும் ஃபார்வர்டு செய்யவில்லை.

பழசைச் சொல்வதில் இந்தப் பக்கத்தில் எவராலும் தொட முடியாத ஆள் உ.வே.சாமிநாதையர். சின்ன வயசில் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று எங்கள் ஊர்களிலேயே சுற்றிச் சுற்றிப் படித்தவர். 1940-ல் ஏறக்குறைய 85 வயசில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரை ஆரம்பித்தார். அரியலூரில் சடகோபையங்கார் சொல்லிக்கொடுத்தது, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்தது என்று எழுபது வருஷத்துக்கு முந்தியதை ஆள் பெயரோடு சொல்கிறார். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் யார் என்பதில் இன்றுவரை முடிவு வரவில்லை.

இந்த லட்சணத்தில் ஆசிரியர்களைக் கௌரவிக்கும் விழா வேறு. பெரிய சந்திப்பு என்றால் கட்டாயம் ஃப்ளெக்ஸ், பொன்னாடை, மைக். ஃப்ளெக்ஸில் எங்கள் படங்கள் பெரிதாகவும் ஆசிரியர்கள் வட்டத்துக்குள் சின்னதாகவும் இருப்பார்கள். காதுகுத்து வைத்தாலும் இதே கணக்குத்தான், காது குத்திக்கொள்ளும் பிள்ளை மூலையில் இருக்கும். மைக்கைப் பிடித்த ஒவ்வொருவனும், "அன்னைக்கு சார் கொடுத்த அடிதான் எங்களை மனுசனாக்குச்சு" என்று கண் கலங்குவான். அடி வாங்கியதால் உருப்பட்டவன் எவன் என்று நானும் கூட்டத்தில் தேடிப் பார்த்தேன். வாங்கியதில் பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடியவன் ஒருத்தன் உண்டு. அவனை யாரும் அழைக்கவில்லை, முகவரியும் யாரிடமும் இல்லை. விழா நாயகர் எழுந்து பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா நான் உங்களுக்கு பி.டி. பீரியட் மட்டும்தான் எடுத்தேன். அடிச்சது வேற சார்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வகுப்பில் பாதி பெண்கள். விழாவுக்கு வருவார்கள், குரூப் போட்டோவில் முன்வரிசையில் உட்காருவார்கள், பிரியாணி முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். டூருக்கு அவர்களைக் கூப்பிடலாமா என்று நாங்கள் ஒரு தடவையும் பேசியதில்லை. "அவங்க வீட்டுல விடமாட்டாங்கடா" என்று அவர்கள் வீட்டு ஆள் போல நாங்களே பதில் சொல்லிக்கொள்வோம். அவர்கள் வீட்டு ஆள்களில் இரண்டு பேர் எங்கள் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும் நடை திறப்பார்கள். சாமி கும்பிடப் போகிறேன் என்றால் எந்த வீட்டிலும் கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர், மரத்தடியில் கட்டுச்சோறு, மூன்று மணிநேரம் சிரிப்பு என்று ஆரம்பித்தார்கள். அடுத்து சமயபுரம். அடுத்து இரண்டு நாள் திருச்செந்தூர். கோயில் என்ற ஒரே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் தூரம் நீட்டிக்கொண்டே போய், போன வருஷம் அரியலூரில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, காசிக்குப் போய்விட்டு வந்தார்கள். தலைக்கு ஒரு சொம்பு கங்கை. நடுவில் கோதாவரிப் பாலம் வந்ததாம், ஜன்னல் வழியாகச் சில்லறையை விட்டெறிந்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார்களாம்.

எங்கள் குரூப்பில் அன்றைக்கு ஒரே அமைதி. ஏற்காடு கொண்டான் மட்டும் ஒரு கும்பிடு போட்டிருந்தான். ராத்திரி, கைமாற்று வாங்கியவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய், இதுல ஒரு சூழ்ச்சி இருக்குடா" என்று ஒரு ஸ்க்ரீன் ஷாட்டைப் போட்டான். அவன் பொண்டாட்டி போனிலிருந்து எடுத்தது, அவளும் எங்கள் வகுப்புத்தான். டிக்கெட், தங்கிய மடம், படகுக் கூலி, டீச்செலவு என்று வரி வரியாகக் கணக்கு. அடியில், மீதிப் பணத்தை ஆளுக்குச் சமமாகப் பிரித்து ஜிபே செய்தாகிவிட்டது, வந்ததா என்று பார்த்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தது. டூர் முடிந்து மீதிப் பணம் எப்படி வரும் என்று விடிய விடியப் பேசியும் எங்களுக்குப் பிடிபடவில்லை.