மூன்றாவது சாவி

நாகல் நகரில் டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தால் ஒரு பெண் குரல். "சார், உங்க டூவீலர் லோன்ல இன்னும் நாலு டியூதான் பாக்கி. ஸ்கோர் சூப்பரா இருக்கு. அஞ்சு லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு சார்!" நாலு டியூ பாக்கி என்பது என் வீட்டுக்காரிக்கே தெரியாது.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். பீரோவுக்குப் பூட்டு உண்டு, கோயில் உண்டியலுக்குப் பூட்டு உண்டு. என் கடன் கணக்கு மட்டும் சத்திரத்துக் கதவு மாதிரி திறந்து கிடக்கிறது.

கடன் விற்பவர்கள் அதை எதற்காகப் பார்க்கிறார்கள்? அய்யலூர் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை விடியக்காலை போய்ப் பாருங்கள். வியாபாரி விலை பேசுவதற்கு முன்னால் ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்ப்பான். கறி எவ்வளவு தேறும் என்று கைக்குத் தெரிந்துவிடும். அதே கைதான் இது. கண்ணில் பட்டவனுக்கெல்லாம் போன் போட்டால் சம்பளம் தண்டம். யாருக்குத் தவணை முடியப்போகிறது, யார் வேறொரு வங்கியில் கூடுதல் வட்டி அழுகிறான், யார் கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டித் திணறுகிறான் என்று முதலில் தடவிப் பார்த்துவிட்டால், அழைப்பு வீணாகாது. ஆட்டுக்காவது தன்னைத் தடவுவது தெரியும்.

இதில் ஒரு கூத்து. கடன் விற்க அவர்கள் எட்டிப் பார்த்தால் அது 'சாஃப்ட்' விசாரணை, ஸ்கோர் அசையாது. மகள் படிப்புக்காக நானே மூன்று வங்கியில் விண்ணப்பம் கொடுத்தால் அது 'ஹார்டு', புள்ளி இறங்கும். "நிறைய இடத்துல கேட்டிருக்கீங்களே?" என்று மேலாளர் முகம் சுளித்தார். வேண்டாத நேரத்தில் நான் கனவான். வேண்டும் என்று போய் நின்றால் பிச்சைக்காரன். ப்ரீ-அப்ரூவ்டு என்று கூப்பிட்ட அதே இடம்தான், விண்ணப்பித்ததும் ரிஜெக்ட் என்று குறுஞ்செய்தி அனுப்பியது. அமெரிக்காக்காரனும் இப்படித்தான் பட்டியல் எடுக்கிறான். ஆனால் எடுத்தால் உறுதியான சலுகை ஒன்றைத் தந்தாக வேண்டும் என்று அங்கே சட்டம். ஒரு போன் போட்டால் ஐந்து வருஷத்துக்குப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டும்.

தண்டல்காரரும் விசாரிப்பார். "அவன் எப்படிண்ணே, நாணயமான ஆளா?" என்று டீக்கடையில் கேட்பார். கந்துவட்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது குடித்த ரத்தம் கொஞ்சமா? ஆனால் கேட்டவன் முகம் தெரியும், மறுநாள் சட்டையைப் பிடிக்கலாம். இப்போது என் நாணயம் 300க்கும் 900க்கும் நடுவே ஓர் எண். யார் சட்டையைப் பிடிப்பது?

ஒப்புதல் இல்லாமலா பார்த்தோம் என்பார்கள். வாஸ்தவம். 'இலவசமாக ஸ்கோர் பாருங்கள்' என்ற செயலியில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தேனே! அதன் நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். இலவசம் என்றால் சரக்கு நாம்தான் என்பது பிறகு புரிந்தது.

ரிசர்வ் வங்கி சும்மா இல்லை. நம் கடன் அறிக்கையை யாராவது பார்த்தால் நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதாவது, வீட்டுக்குள் வந்து போனவன் இனி ரசீது வைத்துவிட்டுப் போவான். அதே வருஷம் ஜூனில், விதிமீறலுக்காக நாட்டின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அபராதம். நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கோடி. கோடிக்கணக்கான பேருடைய ஜாதகத்தை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது டீச் செலவு.

எங்கள் தெருவில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டியதில்லை. அவருக்கு ஸ்கோர் பார்த்தோம். மைனஸ் ஒன்று. கடன் சரித்திரமே இல்லாதவனுக்குக் கணினி தரும் பட்டம் அது.

"மைனஸா? நான் யாருக்குப்பா பாக்கி?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல், ஒரு பூட்டுக்கு எத்தனை சாவி என்று கேட்டேன்.

"ரெண்டு. ரெண்டையும் வாங்குறவன் கையில குடுத்துருவேன். மூணாவதா ஒண்ணு அடிச்சு நானே வச்சுக்கிட்டா ஊருக்குள்ள என்னைய என்னன்னு சொல்லுவாங்கெ?"

அதற்குள் போன் அடித்தது. 140இல் தொடங்கும் எண்.