ரிக் வண்டிக்கு என்ன தகுதி?

கேள்வி: தோட்டத்தில் போர் போடப் போகிறோம். எந்த ரிக் வண்டியைக் கூப்பிடலாம்?
- வாசகர், மல்லசமுத்திரம்

பதில்: நாடு முழுக்க ரிக் வண்டி அனுப்புகிற திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்க, வண்டிக்கா பஞ்சம்! கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது பதிவுச் சான்று.

உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நிலத்துக்காரர் 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2015 விதிகள்படி ஊராட்சி அனுமதியும் தேவை. அடிக்கு என்ன கூலி என்று பேசும்போதே கேசிங் பைப் விலையையும் பேசிவிடுவது நல்லது. பாறை தட்டும்வரை அது இறங்கியாக வேண்டுமே!

தண்ணீர் வராத குழியை அடி முதல் தரைமட்டம் வரை நிரப்பியே தீர வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையைப் பறித்தது, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுதான். குழியை மூடும் வேலையையும் சேர்த்தே கூலி பேசுங்கள். அது முடிந்த பிறகு வண்டி கிளம்பட்டும்.