மெத்தையியல்: காந்தி மார்க்கெட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் வாழும் மக்கள் தூங்குகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எதன்மேல் தூங்குகிறார்கள், அதை எப்படித் தேர்ந்தார்கள் என்பதை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. 'இதுவரை எவரும்' என்ற சொற்கள் இல்லாத முன்னுரையில் நெறியாளர் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் அவற்றை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஆய்வெல்லை வருமாறு. தெற்கே, மார்க்கெட் எதிரில் முதல் உலகப்போர் நினைவாக நிற்கும் மணிக்கூண்டு. வடக்கே கொள்ளிடம். கிழக்கு மேற்கு எல்லைகளை ஆட்டோக்காரர் தீர்மானித்தார். காலம், சங்க காலத்தில் தொடங்கிப் போன தீபாவளித் தள்ளுபடியில் முடிகிறது. ஆய்வுப் பொருள், கடையில் 'ஹைபிரிட்' என்று விற்கப்படும் மெத்தை. கீழே, ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள் தைக்கப்பட்ட ஸ்பிரிங்குகள். மேலே நுரையோ லேடெக்ஸோ. ஸ்பிரிங் தாங்கும், நுரை தாலாட்டும் என்பது கொள்கை. "கம்ஃபர்ட்டும் இருக்கு, சப்போர்ட்டும் இருக்கு சார்" என்று கடைப்பையன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதைச் சொல்ல அவனுக்கு இன்னொரு மூச்சு மிச்சமிருப்பதில்லை.

இனி வகைப்பாடு. வகைப்பாடு இல்லாத ஆய்வேட்டை அட்டையைத் தாண்டி யாரும் புரட்ட மாட்டார்கள். உள்ள ஏட்டையும் புரட்டுவதில்லை, ஆனால் அது வேறு துறை.

கோரைப்பாய்: மெத்தை அன்று. நீக்கப்பட்டது.

ஜமுக்காளம்: மேலே காண்க.

தேங்காய்நார் மெத்தை: உறுதியானது. அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசவும் உறுதி வேண்டும்.

இலவம்பஞ்சு மெத்தை: போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சரக்கு. இதன் இழை உள்ளே பொள்ளல், வெளியே மெழுகுப்பூச்சு. தண்ணீரில் லேசில் ஊறாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிக்குள் இதையே அடைத்தார்கள். ஆகவே காவிரி கரை புரண்டால் இலவம்பஞ்சுக்காரர் மிதப்பார், நுரை மெத்தைக்காரர் நனைவார் எனத் துணியலாம். ஆனால் நாளடைவில் பஞ்சு ஓரம் ஒதுங்கி நடுவில் குழி விழும். வெயிலில் போட்டு அடித்து மீட்க வேண்டும் (அத்தை, 'மெத்தையை மாடியில போடுங்கோடா', வாய்மொழி, கத்திரி வெயில் பதிப்பு). கோரைப்பாயை நீக்கியதற்கு இதே அத்தை கடும் மறுப்புத் தெரிவித்துள்ளார். "முசிறிக் கோரையில படுத்தவாளுக்கு முதுகுவலின்னு நீ கேள்விப்பட்டிருக்கியோ?" இம்மறுப்பு பதிவு செய்யப்படுகிறது; ஏற்கப்படவில்லை. ஏற்றால் இந்த ஆய்வே இல்லை.

கல் மெத்தை: புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமண முனிவர்களுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள் உள்ளன. தலையணையும் கல்லே. தாங்குதிறன் நூற்றுக்கு நூறு, சொகுசு சுழி. கடைமொழியில் 'எக்ஸ்ட்ரா ஃபர்ம், ஆர்த்தோ'. நம் மலைக்கோட்டையிலும் இத்தகைய படுக்கைகள் உண்டு; அங்கே படுத்த சிரா என்ற முனிவரால்தான் ஊருக்கே சிராப்பள்ளி என்ற பெயர் வந்தது என்பாரும் உளர். இந்த ஊர்ப் பெயருக்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள். அவற்றில் படுக்கை இல்லாததால் என் ஆய்வு அவற்றை ஏற்கவில்லை; ஆதாரங்களைத் தேர்வதில் மூத்த ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறையும் இதுவே. ஈராயிரம் ஆண்டாக அந்தக் கல்லில் குழி விழவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இன்றைய உத்தரவாதச் சீட்டு பத்து ஆண்டு என்று தொடங்கும். பொடி எழுத்தைப் படித்தால், குழி இத்தனை அங்குலத்துக்கு மேல் விழுந்திருக்க வேண்டும், மேலே கறை இருக்கக்கூடாது என்று போய், வாங்கியவர் அதில் படுத்திருக்கவே கூடாது என்ற இடத்துக்கு நெருக்கமாக வந்து முடியும்.

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். காந்தி மார்க்கெட்டுக்குள் மெத்தை கிடையாது, காய்கறிதான் என்று முதற்கட்டக் கள ஆய்வில் சிலர் என்னிடம் எரிச்சலாகக் கூறினர். அவர்கள் கருவிகளை மட்டும் பார்த்தவர்கள், கோட்பாட்டைப் பார்க்காதவர்கள். இரவில் லாரிகள் வந்து இறங்கும். வெளிச்சம் வருமுன் மொத்த வியாபாரம் சூடு பிடிக்கும். விடிய விடிய மூட்டை சுமந்த தொழிலாளர், பகலில் அந்த மூட்டைமேலேயே படுத்து, ஹாரனும் ஏலமும் எழுப்ப முடியாத தூக்கம் தூங்குகிறார். அந்தப் படுக்கையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காண்க. கீழே பெல்லாரி மூட்டை. உள்ளே ஒவ்வொரு வெங்காயமும் தன்மேல் விழுந்த எடைக்கு மட்டும் நகர்கிறது. பக்கத்து வெங்காயத்தைத் தொந்தரவு செய்வதில்லை. 1900-ஆம் ஆண்டு வாக்கில் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் காப்புரிமை பெற்ற தனியுறை ஸ்பிரிங்கின் இயக்கம் இதுவன்றி வேறில்லை. மேலே, மடித்துப் போட்ட காலிச் சாக்கு: சொகுசு அடுக்கு. கீழே தாங்கல், மேலே தாலாட்டு. கலப்பு மெத்தை.

உள்வகைகளும் உண்டு. சின்ன வெங்காய மூட்டையில் ஸ்பிரிங் எண்ணிக்கை அதிகம், ஆகவே இடுப்பு வளைவை நுணுக்கமாகப் பின்பற்றும். விலை ஏறும் மாதங்களில் இது ஆடம்பரப் பிரிவு. உருளைக்கிழங்கு மூட்டை கெட்டி ரகம், குப்புறப் படுப்போருக்கு. தேங்காய்க்குக் கல் மெத்தை காண்க. தக்காளி, படுத்தவரின் உடல்வடிவத்தை நிரந்தரமாக நினைவில் வைத்துக்கொள்ளும். மெமரி ஃபோம் என்பது அதுவே, ஆனால் ஒரு முறைக்கு மட்டும். பூண்டு மூட்டை குறித்துத் தரவு போதவில்லை, படுத்தவர் பேட்டி தர மறுத்தார். முட்டைக்கோஸ் மேலாய்வுக்குரியது.

குழி பற்றியும் மார்க்கெட் ஒரு சான்று தருகிறது. திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் அரசு பெரிய வணிக வளாகம் கட்டி, 2017-இல் திறந்தும் வைத்தது. காந்தி மார்க்கெட் வியாபாரிகள் போய்ச் சேரவில்லை. நெரிசல், சகதி, லாரி நிறுத்த இடமின்மை எல்லாம் தெரிந்தேதான். பழகிய குழியை விட்டுச் சமதளத்துக்கு எவனும் எளிதில் மாற மாட்டான் என்பதை நகரமைப்புத் துறையினர் தங்கள் வீட்டு மெத்தையிலேயே சோதித்திருக்கலாம்.

ஸ்ரீரங்கத்துக்குப் போனால் பிரச்சினை தத்துவமாகிறது. அரங்கநாதர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது ஆதிசேடன்மேல், அதாவது சுருளின்மேல். இதைக் கண்டதும் 'ஸ்பிரிங்கை நாம்தான் கண்டுபிடித்தோம்' என்று நூல் எழுத ஒருவர் ஓடுவார் என்று தெரியும். அவருக்கு முன்பாக நானே அடிக்குறிப்பில் எழுதிவிட்டேன். சிக்கல் வேறு இடத்தில். ஜீவன் பகவானைப் பற்றிக்கொள்வது குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்வது போல என்பது வடகலை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொள்வது போல என்பது தென்கலை. கெட்டி மெத்தையில் நாம்தான் மெத்தையைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். மெமரி ஃபோமில் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். மெத்தை நம்மைக் கவ்விக்கொள்ளும், புரண்டு படுக்கவும் விடாது. ஹைபிரிட் விற்பவர் இரண்டு நாமத்தையும் போடுகிறார். யாருக்கு என்பது விலைச்சீட்டைப் பார்த்தால் தெரியும்.

அடுக்குகள் விஷயமும் இவ்வாறே. திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் வரும் பஞ்சசயனம், அன்னத்தூவியும் இலவம்பஞ்சும் முதலான ஐந்து பொருளால் ஆனதா, அல்லது மென்மை, குளிர்ச்சி முதலான ஐந்து குணம் உடையதா என்று உரைமரபில் இரு கட்சி உண்டு. மெத்தைக்கடை விளம்பரத்தாள் இரண்டையும் சேர்த்து ஏழு என்கிறது.

இப்போது மோசிகீரனார்.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இல்லை. வீரமுரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். களைத்து வந்த புலவர், அது முரசுக்கான கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வாளால் இரண்டாக்கியிருக்க வேண்டிய சேரமான், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அப்படிச் செய்யாமல் அவர் எழும்வரை விசிறினான். தமிழ்மேல் மன்னனுக்கு இருந்த மதிப்புக்குச் சான்று என்று பேராசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே நோட்டிலிருந்து இதை நடத்துகிறார்கள். மெத்தை எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புலவரோ சொல்லியிருக்கிறார்: கட்டிலில் பரப்பிய பூக்களின் மென்மையை எண்ணெயின் நுரைக்கு ஒப்பிடுகிறார். ஆம், நுரை. விமான இருக்கைகளுக்காக அமெரிக்காவின் நாசாவுக்கு 1966-இல் சார்லஸ் யோஸ்ட் செய்து தந்த நுரைக்குப் பல நூற்றாண்டு முன்பே ஒரு தமிழர் நுரைமேல் படுத்துவிட்டார். கீழே இருந்ததோ போர்முரசின் கனத்தைச் சுமக்கச் செய்த கட்டில். தாங்கலுக்கு வேறென்ன வேண்டும்?

விசிறியதையும் நாம் தவறாகவே படித்து வந்துள்ளோம். நுரை உடல்சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடர்ந்த நுரையில் காற்று ஓடாது. ஹைபிரிட்டில் ஸ்பிரிங்குகளுக்கு இடையே வெற்றிடம் உண்டு, சூடு அதன் வழியே இறங்கும். முரசு கட்டிலில் அந்த வசதி இல்லை. ஆகவே மன்னன் மேலிருந்து காற்றை ஏற்பாடு செய்தான். இது கொடையன்று, விற்பனைக்குப் பிந்தைய சேவை. படுத்துப் பார்த்தவர் எழுந்ததும் பாராட்டி எழுதிக் கொடுத்ததும் அதே வழக்கத்தின்பாற்பட்டது.

மெத்தையால் தூங்கினாரா, களைப்பால் தூங்கினாரா என்று கேட்பீர்கள். ஒப்பீட்டுக்கு நெடுநல்வாடை இருக்கிறது. பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு நாற்பது வயது யானையின் தந்தம். மேலே அன்னத்தின் தூவி. அந்தக் காலத்தில் அதற்குமேல் விலையில் படுக்கை இருந்திருக்காது. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கணவன் பாசறையில் இருந்தான். மாதவணையில் வாங்கிய மெத்தையில் விழித்துக் கிடப்போர் இப்பகுதியை இருமுறை படிக்கவும்.

இவ்வியலைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் வாசிக்க எண்ணியுள்ளேன். பன்னாட்டுத் தன்மைக்கு, தலைமை வகிப்பவரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வர வேண்டும், அது உறுதியாகிவிட்டது. கட்டணம் கட்டியாயிற்று, ஐ.எஸ்.பி.என். எண் வந்தாயிற்று, சான்றிதழும் அச்சாகிவிட்டது. கட்டுரையைத்தான் இனி எழுத வேண்டும்.

மோசிகீரனாரை இவ்வளவு பேசக் காரணம், இந்த மண்ணில் மெத்தையை முறைப்படி சோதித்தவராக எனக்குக் கிடைத்தவர் அவர் ஒருவரே. நம்மவர் கடையில் செய்வது வேறு. குடும்பத்தோடு போய், மெத்தையைச் சுற்றி நின்று, மாமனார் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். மாமியார் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து எழுவார். படுக்கப் போகிற தம்பதியர் கூச்சத்தில் மின்விசிறி விலை பார்ப்பார்கள். முடிவு முழுவதும் நின்றுகொண்டிருப்பவர்களால் எடுக்கப்படும். உள்ளங்கைக்கு முதுகெலும்பு கிடையாது என்பதை உடற்கூற்று நூல் எதிலும் சரிபார்க்கலாம்.

பிறகு டென்சிட்டி. '32', '40' என்று கடையில் எண் சொல்வார்கள். அது ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதே. கெட்டித்தனம் வேறு கணக்கு. நாற்பதில் மெத்தென்றும் வரும், முப்பத்திரண்டில் கட்டாந்தரையாகவும் வரும். டென்சிட்டி அதிகமானால் பொதுவாக நுரை அதிக நாள் உழைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, மெமரி ஃபோம் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். ஏ.சி. ஷோரூமில் அழுத்திப் பார்த்த மெத்தையும், கத்திரி வெயிலில் மாடி அறைக்கு வந்து சேரும் மெத்தையும் பில்லில் மட்டும்தான் ஒன்று. மாடி அறைக்கு வந்து சேருமா என்பதும் கேள்வி: ஸ்பிரிங் உள்ளது மடங்காது, சித்திரை வீதிப் பழைய வீட்டு மாடிப்படியோ வளைந்து கொடுக்காது.

கெட்டியாகப் படுத்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையை 2003-இல் 'லான்செட்' இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு அசைத்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தை, மற்றவருக்கு நடுத்தரக் கெட்டி. 90 நாளில் நடுத்தரக்காரர்களே கூடுதல் நிவாரணம் பெற்றார்கள். இம்முடிவு முன்பே எட்டப்பட்டது (அத்தை, 'ரொம்பக் கெட்டியும் வேண்டாம், ரொம்ப மெத்துன்னும் வேண்டாம், நான் அப்பவே சொன்னேன்', திருத்திய எட்டாம் பதிப்பு, மாடிப்படி வெளியீடு, அடைக்கு ஊறப்போட்ட சாயங்காலம், மறுப்புரைக்கு அத்திம்பேர், அதே மாடிப்படி, இரண்டு படி கீழே, முற்றுப்பெறாதது, இம்மறுப்புரையின் மறுப்புக்கு அத்தை, பார்வை மட்டும், சொற்கள் இல்லை).

ஆகவே பரிந்துரை: வெட்கத்தை விட்டுக் கடையில் செருப்பைக் கழற்றி, வீட்டில் எந்தப் பக்கம் படுப்பீர்களோ அந்தப் பக்கமாகக் கால்மணி நேரம் படுங்கள். பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு இடுப்பின் கீழே கை தாராளமாக நுழைந்தால் கெட்டி அதிகம். துணையைப் பக்கத்தில் புரளச் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் சரிகிறதா என்று பாருங்கள். நூறு நாள் வைத்திருந்து பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சில நிறுவனங்கள் சொல்கின்றன. புலவருக்கு முரசு திரும்பும்வரைதான் அவகாசம் இருந்தது.

படுத்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு விசிற ஆள் உண்டா என்று பெரியகடை வீதிப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். டோர் டெலிவரி மட்டும் ஃப்ரீ என்றார்கள்.