மேப் சொன்ன சந்து

கேள்வி: சோழிங்கநல்லூர் ஆபீசிலிருந்து கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு, சாயங்கால டிராஃபிக்கில் சீக்கிரம் போய்ச்சேர ஏதாவது குறுக்குவழி உண்டா? கூகுள் மேப்ஸ் தினம் ஒரு சந்துக்குள் தள்ளுகிறது.

பதில்: உங்களை மட்டுமா? உங்களுக்கு முன்னால் நிற்கிற இருபது காருக்கும் அதே அம்மணிதான் 'இடப்புறம் திரும்பவும்' என்று ரகசியம் சொல்லியிருப்பார். நானும் ஒருநாள் மேடவாக்கம் நெரிசலுக்குப் பயந்து, அவர் பேச்சைக் கேட்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். எதிரே தெருவை அடைத்துக் கல்யாணப் பந்தல். பின்னால் தண்ணி லாரி. ரிவர்ஸும் போச்சு. பந்தல்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா சார்?" என்றார். லாரி நகர்வதற்குள் பந்தி முடிந்து பீடாவும் போட்டாயிற்று!

டீட்ரிச் பிராஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1968-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: அவரவர் தமக்கு வேகமான பாதையைத் தேடி ஓடினால், புதிதாக ஒரு சாலையைத் திறந்துவிட்டாலும் சில சமயம் எல்லோருக்குமே நேரம் கூடிவிடும். மேடவாக்கத்தைப் பார்க்காமலே சொன்ன மனுஷர்!

அதனால் வழியை விடுங்கள், நேரத்தை மாற்றுங்கள். மேனேஜர் மனசு வைத்தால் நாலு மணி, இல்லாவிட்டால் ஒன்பது. ஒன்பதுக்குக் கிளம்பினால் வீட்டில் தோசை யார் வார்ப்பது என்பதை அடுத்த இதழுக்குக் கேட்டு அனுப்புங்கள்.